இரண்டாம் முறை உட்காரலாகாது

கெத்சியாள் நாற்காலியில் உட்கார்ந்த நாற்பதாவது விநாடியில் திரையில் "இல்லை" என்று வந்தது.

அன்று கிருபைவிளை சபையில், பிள்ளைகளை முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்கு முந்திய சோதனை. பதினேழு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக ஆலயத்தின் தென்புறத்து அறைக்குள் போய், தலையில் ஈர வலையை மாட்டிக்கொண்டு, முன்குறிகாட்டிக்கு எதிரே உட்கார்ந்து எழுந்தார்கள். பதினான்கு பேருக்கு ஆம், மூன்று பேருக்கு இல்லை. ஆம் வாங்கிய பிள்ளைகளின் தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேக் வெட்டப் போனார்கள். இல்லை வாங்கிய மூவருக்கும் சபைச் செயலர் பாக்கியநாதன் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். இனிமேல் அவர்கள் உட்கார வேண்டிய பின்வரிசை இருக்கையின் எண் அதில் இருந்தது. அட்டையின் ஓரத்தில் அழகாகப் பூப்போட்டு அச்சடித்திருந்தார்கள். அந்தப் பூவைப் பார்த்ததும்தான் எமீமாளுக்குக் குப்பென்று ஆத்திரம் ஏறியது.

எமீமாள் கெத்சியாளின் தாய். ஊர் மருத்துவமனையில் செவிலி. முன்குறிகாட்டி ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து ஆம் வாங்கியவள். அது எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. அவள் கணவன் கடற்காற்றாலையில் வேலை பார்க்கும்போது கம்பம் முறிந்து கடலோடு போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உட்கார் என்றார்கள், உட்கார்ந்தாள். ஆம் என்றார்கள், சரி என்று எழுந்து வந்தாள். அன்றைக்கு அவளிடம் சோறு வெந்துவிட்டது என்று சொல்லியிருந்தாலும் அதே சரியைத்தான் சொல்லியிருப்பாள்.

முன்குறிகாட்டி சாத்திரம் பார்க்கிற பெட்டி இல்லை, அதற்குப் பின்னால் கெட்டியான விஞ்ஞானம் இருந்தது. மனிதன் சாகும் தறுவாயில் மூளையில் எழும் மின்னோட்டங்களுக்கு அந்திமத் தடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசி நாள் நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து அதைப் பதிவு செய்து பயிற்றியதில், உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையைப் பார்த்தே அவருடைய அந்திமத் தடம் எப்படி இருக்கும் என்று இயந்திரம் சொல்லக் கற்றுக்கொண்டது. கடைசி நாள் மருந்தின் அளவைத் தீர்மானிக்கத்தான் முதலில் அதைச் செய்தார்கள். சபைகளை ஆளும் தென்கரைத் திருமண்டலம் அதில் வேறொன்றைக் கண்டது. விசுவாசத்தோடு சாகிறவன் எவன், அது இல்லாமல் சாகிறவன் எவன் என்று இப்போதே தெரிந்துவிட்டால், உலகம் உண்டாகும் முன்பே தேவன் யாரைத் தமக்கென்று முன்குறித்துத் தெரிந்துகொண்டார் என்பதும் தெரிந்துவிட்டது அல்லவா? ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக வேதசாஸ்திரிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு நாற்பது விநாடியில் விடை. கடவுளுக்கும் வேலை மிச்சம்.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. ஆம் வாங்கியவர்களுக்கு மட்டும் திருவிருந்தின் அப்பம். பலிபீடத்தின் முன்னுள்ள தடுப்புக் கிராதியில் கை வைத்தால், ஆம் பெற்ற கைக்குப் பச்சை விளக்கு எரியும். மற்ற கைக்கு எரியாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட இல்லைக்காரர்களுக்கு மேற்கு மூலை ஒதுக்கியாயிற்று. பின்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு மூன்று வருஷத்தில் கோயிலுக்கு வருவதையே விட்டார்கள். பின்னே, வா என்று கூப்பிட்டு உனக்குச் சாப்பாடு கிடையாது என்று சொன்னால் எவன் வருவான்? அவர்கள் வராமல் போனதும், பார்த்தீர்களா, முன்குறிகாட்டி சொன்னது அப்படியே பலித்துவிட்டது என்று முன்வரிசையில் மெச்சிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எட்டு வருஷமாக எமீமாளும் முன்வரிசையில் இருந்துதான் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்தவரை அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்றமும் அவள் ஆத்திரத்துக்குள் கிடந்து குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் கெத்சியாள் வெள்ளைப் பாவாடையை மடித்து அலமாரியில் வைத்தாள். அழவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அழாமல் இருப்பதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. எமீமாள் தோசை சுட்டு வைத்தாள். பிள்ளை பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, நான் தினமும் ஆண்டவருகூடத்தானே பேசுதேன்? அப்பாவ ஏன் எடுத்தீருன்னு சண்டை போடுதேன், ஆனா பேசாம இருந்ததில்லையே. நான் பொறக்கதுக்கு முன்னாலயே என்னை வேண்டாம்னு வச்சிட்டா, இத்தன நாளு நான் யாருகிட்ட பேசுனேன்?"

கணவனின் உடல்கூடக் கரைக்கு வராமல் போன அந்த வாரத்தோடு எமீமாள் ஜெபத்தை விட்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் போவாள், எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நிற்பாள், உள்ளே ஒரு வார்த்தை ஓடாது. தினமும் கடவுளோடு மல்லுக்கட்டுகிற மகளுக்கு இல்லை. ஒன்பது வருஷமாக அவர் முகத்திலேயே விழிக்காத தாய்க்கு ஆம். இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் மருத்துவமனைக்கு லீவு சொல்லிவிட்டுச் சபையின் போதகர் தயாபரன் ஐயரைப் பார்க்கப் போனாள்.

ஐயர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவள் வேலை சுலபமாகியிருக்கும். காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். இரட்சிப்பு என்பது நாம் சம்பாதிப்பது அல்ல என்றார். நல்லவர் கெட்டவர் பார்த்து தேவன் தெரிந்துகொள்வதில்லை, அதுதான் கிருபை என்றார். நான் போதாது, நான் போதாது என்று ராப்பகலாக நடுங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு, உன்னைப் பிடித்த கை விடாது என்ற இந்த உபதேசம் எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை என்பது எமீமாளுக்கும் தெரிந்தது.

"பிடிச்ச கை விடாதுங்கது சரி ஐயரே. அந்தக் கை யாரைப் பிடிச்சிருக்குன்னு பார்க்க உங்களை யாரு உள்ள விட்டா?"

இயந்திரம் காட்டுகிறது, நாம் வாசிக்கிறோம், அவ்வளவுதான் என்றார் ஐயர். சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, அலமாரியிலிருந்து திருமண்டலம் வெளியிட்ட விளக்கப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட தடங்களில் எது விசுவாச மரணம், எது அல்ல என்று வகை பிரித்ததுகூட வெளியாட்கள் அல்ல. நம்முடைய மிஷன் மருத்துவமனை ஒன்றிலேயே, சபை மூப்பர்களின் சாட்சியை வாங்கி, செவிலியர் கைப்பட நிரப்பிய பதிவுப் பாரங்கள் என்றார். புத்தகத்தில் ஒரு பாரத்தின் படமும் போட்டிருந்தது.

எமீமாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையது.

இருபது வருஷத்துக்கு முன்னால், படித்து முடித்த கையோடு அந்த மருத்துவமனையின் கடைசி நாள் வார்டில் அவள் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். நோயாளியின் தலையில் வலையை மாட்டுவது, உயிர் பிரிந்ததும் கழற்றுவது, பாரத்தை நிரப்புவது. பாரத்தில் கீழே இரண்டு கட்டம் இருந்தது. எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூப்பர் ஒருவர் சாயங்காலம் வருவார். துக்க வீட்டில் கேட்கிற அதே கேள்வியைக் கேட்பார்: சமாதானமாகப் போனாரா? அந்த ஊர்களில் அடக்க ஆராதனை எங்கே நடந்தாலும் யாராவது எழுந்து சாட்சி சொல்வார்கள்: முகம் மலர்ந்திருந்தது, ஒரு முனகல் இல்லை, தூங்குகிற மாதிரி கர்த்தருக்குள் போனார். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் தேறுதல் அடைவது. அந்தப் பழக்கத்தில் மூப்பர் கேட்டார். அந்தப் பழக்கத்தில் இவளும் சொன்னாள். அமைதியாகப் போனவருக்கு முதல் கட்டத்தில் கோடு. கத்திக்கொண்டும் திமிறிக்கொண்டும் போனவருக்கு இரண்டாம் கட்டத்தில்.

அன்னப்பழம் என்று ஒரு அம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். ஐம்பது வருஷம் சபைக்குச் சோறு பொங்கிப் போட்டவள். வயிற்றில் புற்று. கடைசி மூன்று நாளும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்க போனீரு, எங்க போனீரு என்று ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தாள். எமீமாள் இரண்டாம் கட்டத்தில் கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். சடங்குக்காக ஞானஸ்நானம் வாங்கிய ஒரு கடைக்காரர், கோயில் வாசலை மிதித்தே முப்பது வருஷம் ஆனவர், மருந்து மயக்கத்தில் குறட்டை விட்டபடி போனார். அவருக்கு முதல் கட்டம்.

எமீமாள் புத்தகத்தை ஐயர் பக்கம் தள்ளினாள்.

"இது எங் கையெழுத்து. நானூறு பாரம் எழுதியிருப்பேன். விசுவாசத்த நான் எங்க பாத்தேன்? சத்தம் போட்டாங்களா இல்லையான்னுதான் பாத்தேன். அதத்தான் உங்க பெட்டி படிச்சிருக்கு. சிலுவையில தொங்கும்போது, ஏன் என்னக் கைவிட்டீருன்னு கத்திக்கேட்டாரே, அவரு பக்கத்துல அந்தப் பாரத்தோட நான் நின்னிருந்தா எந்தக் கட்டத்துல கோடு போட்டிருப்பேன் ஐயரே?"

அது வேறம்மா என்றார் ஐயர். எப்படி வேறு என்று அவள் கேட்டதற்கு, திருமண்டலத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதிப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கிருபைவிளையில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தாள். கெத்சியாள் பள்ளிக்குப் போயிருந்தாள். சாளை மீன் வாங்கி வைத்திருந்தது; அரிவாள்மனையை எடுத்துப் போட்டுச் செதிள் உரித்தாள். பாதியில் கை நின்றது. அப்படியே, மீன் கையோடு, அடுக்களைச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"நீரு இருக்கீரா இல்லையான்னு ஒம்பது வருஷமா நான் கேக்கல. எம் புருசன எடுத்தீரு, கேக்கல. இப்ப எம் பிள்ளைய இவனுவ வேண்டாங்கானுவ, நீரு பாத்துக்கிட்டு இருக்கீரு. ஒம்ம பேரச் சொல்லித்தான பண்ணுதானுவ? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்குமேல் சொன்னதெல்லாம் அச்சில் போடக் கூடியது அல்ல. அரைமணி நேரம் திட்டினாள். தொண்டை கட்டியது, மூக்கு ஒழுகியது, மீன் கையிலேயே காய்ந்தது. ஒரு பதிலும் வரவில்லை. ஆனாலும் யாரையோ பார்த்துத்தான் திட்டுகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அது அன்றைக்குத்தான் முதல்முறை. மறுநாளும் திட்டினாள், அந்த வாரம் முழுக்க, பாத்திரம் கழுவும்போதும் வேலைக்குத் தானோடி வண்டியில் போகும்போதும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. எமீமாள் கிராதியில் கை வைத்தாள், பச்சை எரிந்தது. ஐயர் அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அவள் வாயில் போடவில்லை. எழுந்து, நடு வழியாக ஆலயத்தின் கடைசி வரைக்கும் நடந்தாள். பாட்டு நடுவில் அறுந்தது. பின்வரிசையில் கெத்சியாள் பூப்போட்ட அட்டை எண்ணுக்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எமீமாள் அப்பத்தைப் பிட்டு அவள் கையில் பாதியை வைத்தாள். மீதிப் பாதியை, கேட்காமலே கை நீட்டிய பக்கத்துப் பையனுக்கும் அவனுக்கு அப்பாலிருந்த கிழவருக்கும் பிட்டுக் கொடுத்தாள். தனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. ஐயரையும் பாக்கியநாதனையும் சேர்த்துப் பதினோரு பேர். தென்புறத்து அறையிலேயே, முன்குறிகாட்டியின் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எமீமாளைச் சபைநீக்கம் செய்ய வேண்டும் என்று பாக்கியநாதன் ஆரம்பித்தார். ஆரம்பித்த வேகத்தில் சிக்கிக்கொண்டார். ஆம் பெற்றவர் எவர்மேலும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று மூன்று வருஷத்துக்கு முன் இதே கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. பாக்கியநாதன் தம் மருமகளை அடித்துக் கையை முறித்தபோது அவருக்காகப் போட்ட தீர்மானம் அது. தேவன் சேர்த்துக்கொண்டவனை விலக்க நாம் யார் என்று அன்றைக்கு எல்லாரும் உருக்கமாகப் பேசினார்கள்.

பிறகு பாக்கியநாதனுக்கே ஒரு வழி தோன்றியது. எட்டு வருஷத்துக்கு முன் முதல் வாரத்தில் எடுத்த சோதனை, இயந்திரம் அப்போது புதிது, தவறாகக் காட்டியிருக்கலாம். இன்னொரு முறை உட்கார வைத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்றார்.

ஐயர் முகம் மாறியது. இரண்டாம் முறை உட்காரலாகாது என்பது திருமண்டலத்தின் சட்டம். ஒருமுறை கேட்டது விசுவாசம். மறுமுறை கேட்பது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது. அந்தப் பயத்தில் எட்டு வருஷமாக எந்த ஊரிலும் ஒருவரும் மறுபடி உட்கார்ந்தது கிடையாது. ஒரு செவிலியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், காய்ச்சலைக்கூட இரண்டு தரம் பார்ப்போம் என்று. ஐயர் வேண்டாம் என்றார். மற்றவர்கள் ஒரு தடவைதானே என்றார்கள். எமீமாள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. தானே போய் உட்கார்ந்து, வலையைப் பழகின கையால் மாட்டிக்கொண்டாள். அந்த நாற்பது விநாடியும் உள்ளுக்குள் வைதுகொண்டுதான் இருந்தாள்.

திரையில் இல்லை என்று வந்தது.

"நான் சொல்லல?" என்று பாக்கியநாதன் எழுந்தே விட்டார். "இப்ப எழுதுங்க, நீக்கம்."

ஐயர் பேனாவை எடுக்கவில்லை. உட்காருங்க அண்ணாச்சி என்றார். முதல் சோதனை தப்பு என்று எழுதினால் அந்த வாரம் ஆம் வாங்கிய நூற்று நாற்பது பேரும் தப்பு, அதில் இந்தக் கமிட்டியில் ஒன்பது பேர். சோதனை தப்பில்லை, இடையில் மாறியது என்று எழுதினால், மாறுகிற ஒன்று முன்குறித்ததே அல்ல. அப்புறம் எவருக்கும் ஆம் இல்லை, எவருக்கும் இல்லையும் இல்லை. அவர் இதை மெதுவாக, தமக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"சந்தேகத்துக்கு வேற யாராவது உட்கார்ந்து பாருங்களேன்," என்றாள் எமீமாள். வலையைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் போட்டாள். "அண்ணாச்சி, நீங்க வாங்க."

பாக்கியநாதன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். பொடிப் பொடிப் பிள்ளைகளைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்த பதினோரு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

கடைசியில் பாக்கியநாதனே வழி சொன்னார். இன்றைக்குச் சோதனை ஒன்றும் நடக்கவில்லை. அம்மா எட்டு வருஷமாக இருப்பதுபோல் ஆம் பெற்றவராகவே இருக்கட்டும். சம்மதமானவர்கள் கை தூக்குங்கள். ஒவ்வொன்றாக எல்லாக் கையும் மேலே போயிற்று. ஐயரின் கை கடைசியாகப் போயிற்று. உலகம் உண்டாகும் முன்னே நடந்து முடிந்திருக்க வேண்டிய தெரிந்தெடுப்பு, கிருபைவிளையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பதினோரு பேர் கை தூக்கி ஏகமனதாக நடந்தேறியது.

எமீமாள் தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இல்லைன்னு வந்தவளுக்குக் கை தூக்குனாலே போதும்னா, கையக் கீழ போட்டுராதீங்க. அப்படியே எம் பிள்ளைக்கும் தூக்குங்க. மத்த பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் தூக்குங்க."

கைகள் மளமளவென்று கீழே இறங்கின. ஐயரின் கை மட்டும் அரைவாசியில் நின்று, பிறகு கண்ணாடியைச் சரிசெய்யப் போனது. அவள் நெடுநேரம் காத்திருந்தாள்.

"சரி. நான் தெரிஞ்சுகொள்ளப்பட்டவ, நீங்களே கை தூக்கிச் சொல்லிட்டீங்க. இனி என்னை எவனும் நீக்க முடியாது. ஞாயித்துக்கிழமை கிராதிக்கு வாரேன் ஐயரே. பின்னால முப்பத்திரெண்டு பேரு இருக்காங்க. ஒத்த அப்பம் காணாது, தட்ட நெறைய வச்சிருங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். உள்ளே பாக்கியநாதன் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டு, அந்த நாற்காலியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.